அறுநூற்று நாற்பது கொலுசுப் படமும் ஒரு பிளெக்ஸும்

கேள்வி: சேலம் செவ்வாய்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசு வியாபாரம். மொத்தம் 640 படம் இருக்கிறது. பாதி நானே போனில் எடுத்தது, மீதி பட்டறைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. இணையத்தில் விற்க எல்லாமே 1200-க்கு 1200 பிக்சலில் வேண்டுமாம். கடை வாசலுக்குப் பத்துக்கு நாலு அடியில் பிளெக்ஸும் அடிக்கணும், பிரிண்டிங்காரர் 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) கேட்கிறார். ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினால் ஆடிப் பண்டிகையே முடிந்துவிடும். தரம் குறையாமல் மொத்தமாக மாற்ற வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் 640-ஐயும் ஒரே குவியலாகப் போட்டு ஒரே பட்டனில் முடிக்கப் பார்க்காதீர்கள். சின்னதாக்குவது வேறு வேலை, பெரிதாக்குவது வேறு வேலை. சின்னதாக்கும்போது மென்பொருள் கையில் இருப்பதில் கொஞ்சம் கழிக்கிறது, அவ்வளவுதான். பெரிதாக்கும்போது இல்லாததை ஊகித்துப் போடுகிறது. இந்த ஊகம்தான் கொலுசு விஷயத்தில் வில்லங்கம், அதற்கு வருகிறேன்.

முதலில் படங்களைப் பிரியுங்கள். ஃபோல்டரை டீட்டெய்ல்ஸ் காட்சியில் திறந்து, அகலம் காட்டும் பத்தியைச் சேர்த்து வரிசைப்படுத்தினால் எது பெரிசு எது சிறிசு என்று ஒரே பார்வையில் தெரியும். நீங்கள் போனில் எடுத்தவை அநேகமாக 4000-க்கு 3000 இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்தவைகூட நீளப் பக்கம் 1600-ஐ ஒட்டி இருக்கும், ஆக அவற்றையும் பெரிதாக்கவே தேவையில்லை. உண்மையில் மாட்டிக்கொள்வது ஸ்க்ரீன்ஷாட் எடுத்தது, ஓரம் வெட்டியது, நாலு கை மாறி வந்தது, இவைதான். அந்தச் சின்னப் படங்களுக்குப் பட்டறைக்காரரிடமே போன் போட்டு, "அண்ணா, அதையே டாக்குமெண்டாக அனுப்புங்க" என்று கேளுங்கள். டாக்குமெண்டாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தை அமுக்காது, மூலப் படம் அப்படியே வரும். எந்த மென்பொருளும் செய்ய முடியாததை இந்த ஒரு போன் செய்துவிடும்.

சரி, பெரிய படங்கள். விண்டோஸ் என்றால் இர்ஃபான்வியூ போதும், 1996-லிருந்து இருக்கிற சின்ன மென்பொருள்; சொந்த உபயோகத்துக்கு இலவசம், கடைக்கு என்றால் உரிமம் வாங்க வேண்டும். திறந்ததும் 'பி' விசையை அழுத்தினால், பல படங்களை மொத்தமாக மாற்றும் பேட்ச் ஜன்னல் வரும். அதில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் 'நீளப் பக்கம் 1200' என்று கொடுங்கள், விகிதத்தைக் காப்பாற்றும் பெட்டியை டிக் செய்யுங்கள், 'சின்னப் படத்தைப் பெரிதாக்காதே' என்று ஒரு பெட்டி இருக்கும், அதையும். மிக முக்கியம், 'ரீசாம்பிள்' தேர்வு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சில பிக்சலை எடுத்துச் சிலதை அப்படியே தாண்டிப் போய்விடும். கொலுசின் பொடிக் கண்ணிகள் மேல் ரம்பப் பல் மாதிரி ஓரமும், இல்லாத அலை அலையான கோடுகளும் தெரியும். ரீசாம்பிளில் லான்சோஸ் முறை அக்கம்பக்கத்துப் பிக்சல்களையும் கணக்கில் சேர்ப்பதால் கண்ணி கண்ணியாகவே நிற்கும். சுருக்கியபின் லேசாக ஷார்ப்பன் (ஓரங்களைக் கூராக்குவது) செய்து, ஜேபெக் தரம் 90-ல் சேமியுங்கள். சதுரம் வேண்டும் என்பதற்காகப் படத்தை இழுக்காதீர்கள், கொலுசு வளையல் மாதிரி ஆகிவிடும். 1200 சதுரத்துக்கு வெள்ளைக் கேன்வாஸ் போட்டு நடுவில் வைக்கச் சொல்லுங்கள், அதையும் மொத்தமாகவே செய்யும்.

போகும் இடமாக வேறு ஃபோல்டரைக் கொடுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கல்யாண ஆல்பத்தை அதே ஃபோல்டரிலேயே, அதே பெயரில், 800 பிக்சலுக்குச் சுருக்கிச் சேமித்துவிட்டு, மூலம் போய்விட்டது என்று மறுநாள்தான் உணர்ந்தேன். அப்புறம் போட்டோகிராஃபரின் மெமரி கார்டு அழியாமல் இருந்ததால் பிழைத்தேன். முதலில் ஐந்து படத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள், குறுக்கே படுத்துக்கொண்ட படம் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள், போன் படங்களில் இது சகஜம்.

இப்போது மூலம் கிடைக்காத சின்னப் படங்கள். 900 பிக்சலை 1200 ஆக்குவது பெரிய விஷயமில்லை, லான்சோஸே போதும், கொஞ்சம் மொழுக்கென்று இருக்கும், அவ்வளவுதான். 400 பிக்சல் படத்தைத் தூக்க வேண்டும் என்றால் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள்தான். அப்ஸ்கேல் (Upscayl) என்று இலவசமாக ஒன்று இருக்கிறது, உங்கள் கணினியிலேயே ஓடும், முழு ஃபோல்டரையும் கொடுக்கலாம், படத்தை எங்கேயும் ஏற்ற வேண்டாம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் ரொம்பவே மெதுவாகப் போகும், ஓடாமலே கூடப் போகலாம்.

ஆனால் கவனம். ஏற்காட்டில் தங்கும் விடுதி வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்காகப் பழைய காப்பித் தோட்டப் படம் ஒன்றை நாலு மடங்காக்கினேன். தூரத்தில் பார்க்க அசத்தல். கிட்டே போனால் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடி பச்சைப் பாசியாகிவிட்டிருந்தது. தோட்டத்துக்கு அது பரவாயில்லை, யாரும் இலையை எண்ணப் போவதில்லை. கொலுசில் எண்ணுவார்கள். சலங்கை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கொக்கி காணாமல் போகும், வெள்ளியின் தரம் காட்டும் 92.5 முத்திரை ஏதோ கிறுக்கலாக மாறும், பூ வேலைப்பாடு இருந்த இடத்தில் நீங்கள் விற்காத வேறு டிசைன் முளைக்கும். வாடிக்கையாளர் படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டுவிட்டுச் சண்டைக்கு வருவார். அந்த மாதிரி உருப்படிகளைத் திரும்பப் படம் எடுப்பதே மேல், ஜன்னலோரம் வெள்ளைச் சார்ட் விரித்தால் ஒரு மதியத்தில் ஐம்பது எடுத்துவிடலாம்.

பிளெக்ஸ். பத்தடி என்றால் 120 அங்குலம், நாலடி 48. 300 டிபிஐ-யில் அது 36,000-க்கு 14,400, கிட்டத்தட்ட 52 கோடி பிக்சல். வேண்டவே வேண்டாம். 300 என்பது கையில் ஒரு அடி தூரத்தில் பிடித்துப் பார்க்கிற அச்சுக்கு. பார்க்கும் தூரத்தை அங்குலத்தில் எடுத்து 3438-ஐ அதனால் வகுத்தால் கண்ணுக்குத் தேவையான டிபிஐ வரும். பத்தடி தூரத்துக்கு 3438-ஐ 120 ஆல் வகுத்தால் 29 கூட வரவில்லை. உங்கள் போன் படத்தைப் பத்துக்கு நாலு விகிதத்தில் வெட்டினால் 4000-க்கு 1600. 4000-ஐ 120 ஆல் வகுத்தால் 33. பெரிதாக்காமலே தேறிவிட்டது! வாசலில் ஐந்தடி கிட்டத்தில் நின்று பார்ப்பார்கள் என்றால் 57 வேண்டும், அப்போது மட்டும் இரண்டு மடங்காக்குங்கள்.

பிரிண்டிங்காரர் விடாப்பிடியாக 300 என்றால், ஃபைலில் டிபிஐ எண்ணை மட்டும் மாற்றிக் கொடுக்கச் சொல்வார்கள் சிலர். அது மேலே ஒட்டிய வெறும் சீட்டு மாதிரி, உள்ளே ஒரு பிக்சல்கூட அதிகமாகாது. அதற்குப் பதில் படத்தில் ஒரு அடித் துண்டை முழு அளவில் அடித்துத் தரச் சொல்லி, கடை ஷட்டரில் ஒட்டிவிட்டு, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள்.