சுபேதார் தாத்தாவை அறிந்துகொள்வது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பாலம் கட்டுதல், கண்ணிவெடி அகற்றுதல் போன்ற பொறியியல் பணிகளைச் செய்த மதராஸ் சாப்பர்ஸ் படையில் சுபேதாராக இருந்தார். அவர் எப்படிப்பட்ட தலைவர் என்பதை அறிய எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் அவருடைய கம்பெனியின், அதாவது அவர் இருந்த படைப்பிரிவின், எண்ணைக் கண்டுபிடியுங்கள். அப்படையின் கம்பெனிகளில் சில இத்தாலியிலும் சில பர்மாவிலும் போரிட்டதால், படையின் பெயர் மட்டும் உங்களை எங்கும் கொண்டுசேர்க்காது. பணிவிடுப்புச் சான்று, ஓய்வூதியத் தாள்கள், குழுப் புகைப்படத்தின் பின்புறம் ஆகியவற்றில் அந்த எண் இருக்கக்கூடும். பணிப் பதிவேட்டைக் கேட்டு, வாரிசு என்ற முறையில், அப்படையின் இன்றைய வடிவமான, பெங்களூரிலுள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் ஆவணப் பிரிவுக்கு எழுதுங்கள். பதவி உயர்வுத் தேதிகளுக்கு இடையிலான இடைவெளிகளே, மேலதிகாரிகள் அவரை எவ்வளவு நம்பினார்கள் என்பதற்கான முதல் தடயம்.

கேள்வி: லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து கம்பெனியின் போர் நாட்குறிப்பை வரவழைத்தேன். அதில் என் தாத்தாவின் பெயரே இல்லை. அவர் முக்கியமானவராக இருக்கவில்லையா?

பதில்: அப்படி முடிவு செய்துவிடாதீர்கள். அந்த நாட்குறிப்புகளைப் பெரும்பாலும் பிரிட்டிஷ் அதிகாரிகளே எழுதினார்கள். அவற்றில் இடம்பெறும் பெயர்களும் பெரும்பாலும் அதிகாரிகளுடையவை. சுபேதாரோ அதிகாரிக்கும் சிப்பாய்களுக்கும் நடுவில் நின்று, கட்டளையை அவர்கள் மொழியில் விளங்கவைத்து, குறைகளை மேலே எடுத்துச்சென்று, விடுப்பு முதல் உணவு வரை கவனித்தவர். ஆகவே பெயரைத் தேடாமல் ஆட்களைத் தேடுங்கள்: எந்த இரவில் எந்தப் பாலம் கட்டப்பட்டது, எத்தனை பேர் நோயுற்றார்கள், கடும் இழப்புக்கு மறுநாளும் வேலை தொடர்ந்ததா என்று பாருங்கள். இவை முழுவதும் ஒருவரின் சாதனை ஆகா. ஆனாலும் அவருடைய உழைப்பு அவற்றுக்குள்தான் இருக்கிறது.

கேள்வி: பதக்கப் பரிந்துரையில் எழுதப்பட்டிருப்பதை அப்படியே நம்பலாமா?

பதில்: நிகழ்ச்சியை நம்பலாம், ஆனால் பதக்கம் பெற்றுத்தருவதற்காக எழுதப்பட்ட மொழி அது என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள். மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் பாய்ந்து தன்னுடன் இருந்தவர்களைக் காத்து உயிர்நீத்தார். மறைவுக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் சிலுவை என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருது வழங்கப்பட்டது. அவரைப் பற்றி எழுதும் பலரும் அந்த ஒரு நொடியோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. கண்ணிவெடி அகற்றும் இடத்தில், அந்தப் பதவியிலிருந்தவர் தம் ஆட்களுடனேயே நின்றிருந்தார் என்பதையும் தலைமைக்குச் சான்றாகக் கொள்ள வேண்டும். உங்கள் தாத்தாவுக்குக் கிடைத்தது ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா என்றால், அது ஒரு நாளின் வீரத்துக்காக அல்லாமல் நெடுங்காலத் தூய பணிக்காக அளிக்கப்பட்டது. குணத்தை ஆராய்பவருக்கு அதுவே கூடுதலாகப் பேசும்.

கேள்வி: வீட்டில் அவரை மிகக் கடுமையானவர் என்கிறார்கள்.

பதில்: அது போருக்குப் பின் வீடு திரும்பியவரைப் பற்றிய சாட்சி. அவருக்குக் கீழே பணியாற்றியவர்களின் குடும்பங்களையும் தேடிக் கேளுங்கள். அவர் ஊரிலிருந்து பின்னாளில் யாரெல்லாம் அதே படையில் சேர்ந்தார்கள், அவர் சொல்லித்தான் சேர்ந்தார்களா என்பதையும் விசாரியுங்கள்.