40 படத்துக்கும் 9 மார்க் போட்டுட்டு வரிசை வரலைன்னு கேட்டவருக்கு

மார்க்கை விட்டுடுங்க, ரெண்டு ரெண்டா ஒப்பிடுங்க. ஒரு படத்தை எடுத்து லிஸ்ட்டோட நடுப் படத்துக்கு மேலேயா கீழேயான்னு மட்டும் கேளுங்க. அப்புறம் அந்தப் பாதியோட நடுவுல. 40 படம் இருந்தாலும் 6 கேள்விக்குள்ள இடம் கிடைச்சிடும்.

'முள்ளும் மலரும்' (1978), 'உதிரிப்பூக்கள்' (1979) ரெண்டுல எதுன்னு திணறுறீங்களே, சிறந்ததையும் பிடிச்சதையும் குழப்பிக்கிறதாலதான் இருக்கும். ராத்திரி டிவியில ரெண்டும் ஓடினா ரிமோட் எதுல நிக்கும்? அதுதான் மேலே. எனக்கு 'முள்ளும் மலரும்' படத்துல ரஜினி நடிச்ச வின்ச் ஆபரேட்டர் காளியை விட்டு சேனல் மாத்த மனசே வராது.

ஒண்ணு, சென்னை ரோகிணி தியேட்டர்ல முதல் நாள் விசில் சத்தத்துல பார்த்த படத்தை உடனே சேர்க்காதீங்க. ஆறு மாசம் கழிச்சு வீட்டுல தனியா பார்த்துட்டு இடம் கொடுங்க.