கூட்டுக் குடிநீரா, ஊர் போர்வெல்லா? சில கேள்விகள், பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயம்தான்: ஊர்த் தண்ணீரை ஊரே போர் (ஆழ்துளைக் கிணறு) வைத்துப் பார்த்துக்கொள்வதா, பல ஊர்களுக்குச் சேர்த்து ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் குடிநீர் வாரியத்தின் கூட்டுத் திட்டத்தில் சேர்ந்துவிடுவதா. ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பஞ்சாயத்து போரில் நல்ல தண்ணீர் வருகிறது. இப்போது கூட்டுக் குடிநீரில் இணைக்கப் போகிறார்களாம். எதிர்க்கலாமா? (புதுக்கோட்டை மாவட்டம்)

எதிர்க்காதீர்கள், ஆனால் போரைக் கைவிட மட்டும் விடாதீர்கள். ஆற்றுத் தண்ணீர் வந்ததும் பழைய மோட்டாரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், காயில் கருகினால் கருகியபடியே கிடக்கும், கேட்டால் "அதான் காவிரித் தண்ணி வருதே" என்பார்கள். 2009-ல் திறந்த ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். திருச்சி பக்கம் காவிரியில் எடுக்கும் தண்ணீர் உங்கள் மாவட்டம், சிவகங்கை எல்லாம் தாண்டி ராமநாதபுரம் வரை போகிறது. அவ்வளவு நீளத்தில் எங்கோ ஒரு மெயின் உடைந்தாலும், நடுவில் ஒரு பம்ப்பிங் ஸ்டேஷனில் கரண்ட் போனாலும், அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற அத்தனை ஊர்களுக்கும் ஒரே நாளில் தண்ணீர் நின்றுவிடும். சொந்தப் போர் ஓடுகிற ஊர் அந்த நாலு நாளைத் தள்ளிவிடும், மூடிவிட்ட ஊர் லாரிக்குக் காத்திருக்கும்.

அப்புறம், இரண்டு தண்ணீரையும் ஒரே தொட்டியில் ஏற்றாதீர்கள். செலவு மிச்சம் என்று பல இடங்களில் செய்கிறார்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து கெடும், குளோரின் எவ்வளவு போடுவது என்ற கணக்கும் குழம்பும். குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீர், புழங்குவதற்குப் போரும் தெருவோர சின்டெக்ஸ் தொட்டியும் என்று தனித்தனியாக வைத்தால் தொல்லை இல்லை.

நாங்கள் லைனில் கடைசி ஊர். மேலே உள்ள ஊர்களில் டேங்க் வழிகிறது, எங்களுக்குச் சொட்டுக்கூட இல்லை. வாரியத்தில் கேட்டால் பஞ்சாயத்து என்கிறார்கள், பஞ்சாயத்தில் கேட்டால் வாரியம் என்கிறார்கள். யாரைப் பிடிப்பது?

பொதுவான ஏற்பாடு இதுதான்: மெயின் லைன், உங்கள் ஊர் சம்ப் (தரைமட்டத் தொட்டி) வரை தண்ணீர் கொண்டுவருவது வாரியத்தின் வேலை. சம்பிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றித் தெருவுக்குத் திறந்துவிடுவது பஞ்சாயத்தின் டேங்க் ஆபரேட்டர் வேலை. அதனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் சம்ப். சம்புக்குள் தண்ணீர் வரும் குழாயில் மீட்டர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் அந்த எண்ணை நோட்டில் குறித்துவையுங்கள். வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டக் கணக்குப்படி ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர், அதாவது ஆயிரம் பேர் உள்ள ஊருக்கு 55 கிலோ லிட்டர் வர வேண்டும். மீட்டர் ஒழுங்காக ஏறியும் வீட்டில் தண்ணீர் இல்லை என்றால் கோளாறு ஊருக்குள்தான். யார் யார் குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மீட்டர் ஏறவே இல்லையா? அப்போது லைனில் உங்களுக்கு மேலே உள்ள ஊர்களில் போய்ப் பாருங்கள். யாரோ தங்கள் ஊர் கேட் வால்வை நாலு சுற்று கூடுதலாகத் திறந்து வைத்திருப்பார்கள், இல்லை ரோட்டோரம் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் ஏர் வால்வை உடைத்துவிட்டிருப்பார்கள், அது பீச்சிக்கொண்டிருக்கும், பக்கத்தில் குடங்கள் வரிசையாக நிற்கும். அந்தக் குடக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. பல இடங்களில் குழாய் அவர்கள் ஊர் வழியாகத்தான் போகிறது, அவர்களுக்கு மட்டும் இணைப்பு இல்லை. பத்து கையெழுத்து போட்ட மனுவைவிட அந்த ஒரு வார நோட்டை உதவிப் பொறியாளரிடம் காட்டினால் வேலை நடக்கும். எண்ணை வைத்துக் கேட்பவரை யாரும் லேசில் திருப்பி அனுப்ப முடியாது.

ஒகேனக்கல் தண்ணீர் வராத நாட்களில் போர்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம். சரிதானே? (தர்மபுரி)

சரியில்லை. காய்ச்சினால் கிருமி சாகும், பாறையிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி மிச்சத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை, பிறகு எலும்பில் வலி, வளைவு. 'எங்கள் தண்ணீர் எங்கள் கையில்' என்ற பேச்சு உங்கள் பகுதியில் எடுபடாது, அடியில் இருக்கிற பாறையே அப்படி. 2013-ல் ஒகேனக்கல் திட்டம் தொடங்கப்பட்டதே ஃபுளோரைடுக்காகத்தான். ஆற்றுத் தண்ணீர் வருகிற நாளில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் இரண்டு நாளைக்குப் பிடித்து மூடி வையுங்கள். போர்த் தண்ணீரைப் பாத்திரம் கழுவ, குளிக்க வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊராட்சியைப் பக்கத்து மாநகராட்சியோடு இணைத்தால் தண்ணீர் நன்றாக வருமா?

உடனே வராது. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு 42 உள்ளாட்சிகளைச் சேர்த்தார்கள், பரப்பு 174-லிருந்து 426 சதுர கிலோமீட்டர் ஆனது, பெயர்ப் பலகை ஒரே நாளில் மாறியது. ஆனால் பல இடங்களில் வருஷக்கணக்கில் லாரிதான். வரி முதலில் வரும், குழாய் பிறகு வரும். இன்னொன்று, இப்போது மோட்டார் ரிப்பேர் என்றால் தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம், இணைந்த பிறகு டோக்கன் எண் தருவார்கள்.

மாதாமாதம் தண்ணீர்க் கட்டணம் வாங்குகிறார்கள். ஆற்றுத் தண்ணீருக்கு எதற்குக் காசு?

தண்ணீருக்கு இல்லை, அதைத் தள்ளுகிற கரண்டுக்கு. வாரியம் கிலோ லிட்டர் கணக்கில் பஞ்சாயத்திடம் கேட்கிறது, ஊருக்குள் ஏற்றுகிற மோட்டாரின் மின் கட்டணம் வேறு. நீங்கள் கொடுப்பது பெரும்பாலும் இந்தச் செலவுக்குப் போதாது. கணக்கு கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அன்றைக்குக் கிராம சபை இருக்கிறது. போய் இரண்டு பில்லையும் வாசிக்கச் சொல்லுங்கள், பாக்கி எவ்வளவு என்பதையும் சேர்த்து.