ட்ரெய்ன் பிளக்கை மாற்ற வேண்டாம் தம்பி, வாஷரை மாற்றுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் இங்கே சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். புதுக்கோட்டைப் பக்கமிருந்து மலேசியாவுக்கு வந்து சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் செம்பனை மில் வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். 2008 மாடல் டொயோட்டா வியோஸ் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறீர்கள். ஊரில் ஸ்ப்ளெண்டருக்கு நீங்களே ஆயில் மாற்றிய கை, அதனால் இங்கேயும் வாடகை வீட்டு வாசலில் வைத்தே மாற்றலாமா, ஒவ்வொரு தடவையும் ட்ரெய்ன் பிளக் (எஞ்சினின் அடியில் பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) புதிதாகப் போட வேண்டும் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்களே அது நிஜமா, பழைய ஆயிலை எங்கே கொட்டுவது. இதுதான் கேள்வி.

மாற்றலாம். பிளக் புதிதாகத் தேவையில்லை. பழைய ஆயிலை எங்கேயும் கொட்டக் கூடாது. இந்த மூன்றுக்கும் காரணம் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால்தான் கையில் ஸ்பானர் இருக்கும்போது நீங்களே முடிவெடுக்க முடியும்.

நானும் சிவகங்கைப் பக்கம்தான். வேலைக்கென்று வந்து, இங்கேயே கல்யாணம் செய்து, பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படித்து வளர்ந்து, இந்த ஊர் என் ஊராகிவிட்டது. மில் பராமரிப்பில்தான் என் காலம் போகிறது, அதனால் போல்ட்டும் வாஷரும் எனக்குத் தினப்படி சங்கதி.

பிளக் என்பது ஒரு இரும்பு போல்ட், அவ்வளவுதான். ஒழுங்காகக் கழற்றி ஒழுங்காக மாட்டினால் வண்டி பழைய இரும்புக்குப் போகும்வரை அதுவே வரும். ஆயில் கசியாமல் பிடித்து நிற்பது மரை இல்லை, பிளக்கின் தலைக்கும் ஆயில் சம்ப்புக்கும் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) நடுவே வளையமாக உட்காரும் வாஷர். முறுக்கும்போது வாஷர் நசுங்கி இரண்டு பக்கமும் உள்ள சின்னச் சின்னக் கீறல்களை அடைத்துக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கிய வாஷர் அடுத்த முறை அதே மாதிரி நசுங்காது. லேசாகக் கசியும், கசிவைப் பார்த்ததும் கை தானாக இன்னும் கொஞ்சம் முறுக்கும், அடுத்த தடவை அதற்கும் மேலே, கடைசியில் சம்ப்பின் மரை பிய்த்துக்கொண்டு வரும். பிளக்கைத் திரும்பப் போட்டதால் கெட்ட வண்டியை நான் பார்த்ததில்லை, பழைய வாஷரை வைத்து இறுக்கி இறுக்கிக் கெட்ட வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வியோஸில் பிளக் 12 மில்லிமீட்டர், அதன் தலைக்கு 14 ஸ்பானர். வாஷர் உலோகத்தின் மேல் பூச்சு கொடுத்த டொயோட்டா வகை. ஹோண்டா சிட்டி என்றால் பிளக் 14 மில்லிமீட்டர், ஸ்பானர் 17, வாஷர் தட்டையான அலுமினியம். இரண்டையும் மாற்றிப் போட முடியாது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வண்டி மாடலைச் சொல்லிக் கேளுங்கள், பழைய வாஷர் கையில் இருந்தால் அதையும் காட்டுங்கள். இரண்டு மூன்று சேர்த்தே வாங்கி டேஷ்போர்டில் போட்டுவையுங்கள், காசு ஒன்றும் பெரிதில்லை. செம்பு வாஷர் போட்ட வண்டியாக இருந்து, கடையும் பூட்டியிருக்கிற நேரம் என்றால், அதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவைத்துத் திரும்பப் போடலாம், செம்பு மறுபடி மென்மையாகிவிடும். அலுமினியத்தில் அதைச் செய்துவிடாதீர்கள், நிறம் மாறாமலேயே உருகிவிடும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய வாஷர் சில நேரம் பிளக்கோடு வராமல் சம்ப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்க்காமல் புது வாஷரையும் போட்டால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு உட்காரும், அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் கசியும். பிளக் கையில் வந்ததும் வாஷர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சம்ப்பின் ஓட்டையைச் சுற்றி நகத்தால் தடவிப் பாருங்கள்.

சரி, அந்த ஒர்க்‌ஷாப்காரர் ஏன் புது பிளக் என்றார்? ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பழைய வண்டி பல கை மாறி வரும், ஒவ்வொரு கையும் ஒவ்வொரு மாதிரி முறுக்கியிருக்கும். பிளக்கின் தலை மழுங்கியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். வாஷர் உட்காரும் முகத்தில் ஆழமான கீறல் இருந்தாலும், மரையின் முனைகள் நசுங்கியிருந்தாலும், மரைப் பள்ளங்களில் வெள்ளை வெள்ளையாக உலோகச் சீவல் ஒட்டியிருந்தாலும் அப்படியே. கடைசியாகச் சொன்னது சம்ப்பின் மரை உரிந்து வருகிறது என்பதற்கு அடையாளம், அப்போது புது பிளக் மட்டும் போதாது, உள்மரையையும் சரிசெய்ய வேண்டும். சில போக்ஸ்வாகன் வண்டிகளில் வாஷர் பிளக்கோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்தே வரும், அங்கே ஒவ்வொரு தடவையும் முழு பிளக்கையும் மாற்றச் சொல்லி அந்தக் கம்பெனியே எழுதியிருக்கிறது. பிளாஸ்டிக் பிளக் போட்ட புது வண்டிகளும் அப்படித்தான். உங்கள் வியோஸ் இந்த ரகத்தில் சேராது. எனவே அவரிடமே பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், நல்ல மெக்கானிக் தயங்காமல் காட்டுவார்.

மரையில் வெள்ளை டேப் சுற்றி மாட்டுகிற பழக்கமும் இந்தப் பக்கம் உண்டு. செய்யாதீர்கள். தண்ணீர்க் குழாய் வேலைக்கு வந்த டேப் அது. துணுக்கு பிய்ந்து உள்ளே விழுந்தால் ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையில் போய் அடைக்கும்.

இனி வாசலில் செய்யும் வேலை. வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சிமெண்ட் தரையில் ஆயில் கறை பட்டால் போகாது, பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துக்கொள்ளுங்கள். காலையிலேயே ஆரம்பியுங்கள், மத்தியானத்துக்கு மேல் மழை எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளின் போர்ச் தரை தண்ணீர் ஓடுவதற்காக வெளிப்பக்கம் சரிந்திருக்கும், அதனால் பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கும் போட்ட பிறகுதான் முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். ஜேக்கை நம்பி அடியில் படுக்கவே கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. ஜேக் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டு. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் செம்மண் தரையில் செய்கிறவர்கள் ஸ்டாண்டுக்குக் கீழே கனமான பலகை போடாமல் செய்யாதீர்கள், மழை பெய்த மண்ணில் ஸ்டாண்டின் கால் மெல்ல மெல்ல இறங்கும், மேலே இருக்கும் வண்டியும் சேர்ந்து இறங்கும்.

எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும், கொதிக்கக் கொதிக்க இருந்தால் கை வெந்துபோகும். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். ஸ்பானரில் ரிங் ஸ்பானர் அல்லது ஆறு முனை சாக்கெட் எடுங்கள், இரண்டு பக்கம் மட்டும் கவ்வுகிற வாய் ஸ்பானர்தான் பிளக்கின் தலையை மழுக்கும். மல்லாந்து படுத்திருக்கும்போது இடம் வலம் குழம்பும். பிளக்கின் தலையை நேராகப் பார்த்தபடி கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் கழலும். கழற்றுவதாக நினைத்து இறுக்கியே மரையைத் தொலைத்தவர்கள் உண்டு, எனவே பலம் கொடுப்பதற்கு முன் ஒரு கணம் நின்று பாருங்கள்.

ஆயில் சொட்டுச் சொட்டாக வரும்வரை பத்து பதினைந்து நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் பிளக்கையும் சம்ப்பின் முகத்தையும் துணியால் துடைத்து, புது வாஷரைப் போட்டு, முதலில் வெறும் விரலால் மட்டும் திருகுங்கள். விரலால் கடைசிவரை போக வேண்டும். முதல் இரண்டு சுற்றிலேயே முரண்டு பிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது, வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள், ஸ்பானரால் வழிக்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள்.

எவ்வளவு முறுக்குவது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வியோஸின் 1.5 எஞ்சினுக்கு டொயோட்டா சொல்வது 37.5 நியூட்டன் மீட்டர். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் அதில் வைத்து முறுக்குங்கள், முடிந்தது. இல்லையென்றால் கணக்கு இப்படி: 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் சுமார் 15 கிலோ கனத்துக்கு இழுத்தால் அந்த அளவு வந்துவிடும். அதாவது ஒன்றரைப் பெரிய அரிசி மூட்டை, பத்து கிலோ மூட்டையைச் சொல்கிறேன். ஆள் முழுப் பலத்தையும் போட்டுத் தொங்க வேண்டிய வேலை இல்லை இது. ஸ்பானரின் மேல் பைப் மாட்டி நீட்டி இறுக்குவது, காற்றுத் துப்பாக்கியால் டர்ரென்று இறுக்குவது இரண்டும் மரைக்கு எமன். வியோஸின் அடிச் சம்ப் இரும்புத் தகடு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஹோண்டா மாதிரி அலுமினியச் சம்ப் பொறுக்காது.

ஃபில்டர் மாற்றும்போது பழையதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள், வாஷர் கதைதான் இங்கேயும். புது ரப்பரில் கொஞ்சம் ஆயில் தடவி, தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று. ஃபில்டரோடு மாற்றினால் மொத்தம் 3.7 லிட்டர் பிடிக்கும், 4 லிட்டர் கேன் ஒன்று போதும், ஆனால் மூன்றரை ஊற்றி நிறுத்தி, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஆயில் அளவு காட்டும் குச்சியைப் பார்த்துக்கொண்டு மீதியை ஊற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஆயில் விளக்கு அணைந்ததும் நிறுத்தி, சில நிமிடம் கழித்து மறுபடி குச்சியையும் அடியில் பிளக்கையும் பாருங்கள். மறுநாள் காலை தரையையும் பாருங்கள்.

எந்த ஆயில் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கையேட்டில் எழுதியிருக்கும் கிரேடு போதும். நம் ஊர்ச் சீதோஷ்ணத்தில் கேனில் இருப்பது 5டபிள்யூவா 10டபிள்யூவா என்று மண்டையை உடைக்க வேண்டாம், அந்த முதல் எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதைப் பற்றியது. அதைவிட எங்கே வாங்குகிறீர்கள் என்பது பெரிது. போலி எஞ்சின் ஆயில் பிடிபட்ட செய்தி இங்கே அடிக்கடி வரும், அசாதாரண மலிவு விலைக்கு வருவதைத் தொடாதீர்கள். வீட்டிலிருந்து மில்லுக்கு மட்டும் குட்டி ஓட்டம் ஓடி, தோட்டத்துச் செம்மண் புழுதியிலும் போய்வருகிற வண்டி என்றால், ஸ்டிக்கரில் எழுதிய கிலோமீட்டர் வரும்வரை காத்திருக்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கியாரண்டி இருக்கும் புது வண்டிக்காரர்கள் இந்த வேலையை வீட்டில் செய்யாமல் கம்பெனி சர்வீஸுக்கே போவது நல்லது.

கடைசியாகப் பழைய ஆயில். செம்பனை மரத்தடியில் ஊற்றுவது, கரையான் வராமல் இருக்க வீட்டுத் தூணில் பூசுவது, குப்பையோடு எரிப்பது என்று பழைய பழக்கங்கள் இருக்கின்றன, யாராவது உங்களுக்கும் சொல்வார்கள். கேட்காதீர்கள். மலேசியாவில் பயன்படுத்திய எஞ்சின் ஆயில் 2005-ஆம் ஆண்டு விதிமுறைப்படி அட்டவணைக் கழிவு, அதாவது அபாயக் கழிவு, அதன் குறியீடு எஸ்.டபிள்யூ. 305. ஆயில் பட்ட ஃபில்டரும் துணியும்கூட எஸ்.டபிள்யூ. 410-இல் வருகின்றன. சட்டத்தை விடுங்கள், நாம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். நம் வாசல் கால்வாயில் விழுவது மழையோடு சுங்கை சிலாங்கூர் ஆற்றுக்குத்தான் போகும். கோலாலம்பூரும் சுற்றுப்புறமும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கு மேல் இந்த ஆற்றுத் தண்ணீர். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கழிவு கலந்து சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் நின்றது, பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாளி வாளியாகச் சுமந்த வீடுகள் எத்தனையோ. கீழே கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்களே, அதுவும் இதே ஆற்றங்கரைதான்.

செய்ய வேண்டியது சுலபம். வடித்த ஆயிலைப் புது ஆயில் வந்த காலி கேனிலேயே ஊற்றி மூடுங்கள், தண்ணீரோ பெட்ரோலோ கலக்காதீர்கள். ஃபில்டரைக் கவிழ்த்து ஒரு ராத்திரி வடியவிட்டு அதையும் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். தரையில் சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் மரத்தூள் போட்டு உறிஞ்சவிட்டு, அந்தத் தூளையும் அள்ளி அதே பையில் போடுங்கள். எல்லாவற்றையும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் டிரம்மில் சேர்த்து லைசென்ஸ் உள்ள சேகரிப்பாளர்களிடம் கொடுப்பார்கள். பழைய ஆயிலுக்கு அவர்களுக்குக் காசும் கிடைப்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கொண்டுபோவதற்கு முன் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கடையிலேயே அடுத்த முறைக்கான வாஷரையும் வாங்கிவிடுங்கள்.