அக்காட்டக் கேளுங்கோ: மெக்சிக்கன் கடை ஏன் ஊருக்கு ஊர் மாறுது?

போன இதழில நான் ரொறன்ரோவில ஒரு மெக்சிக்கன் கடைக் குசினியில எட்டு வருசம் வேலை செய்தனான் எண்டு ஒரு வரி எழுதினதுக்கு, இந்த முறை வந்த கடிதத்தில பாதி அதைப் பற்றித்தான். அதால இந்த முறை முழுக்க அதையே எழுதுறன், மற்றக் கேள்வியள் அனுப்பினவை கோவிக்காதீங்கோ, அடுத்த இதழில வரும்.

புதுக்குடியிருப்பில இருந்து ஒரு தம்பி: அக்கா, லண்டனில இருந்து வந்த மச்சான் என்னைக் கொழும்பில ஒரு மெக்சிக்கன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனவர். கோதம்பை ரொட்டிக்குள்ள கோழியும் சோஸும் சீஸும் வைச்சுச் சுத்தித் தந்தினம், இதுக்கோ இவ்வளவு காசு எண்டு மனம் விட்டுப்போச்சு. மச்சான் சொல்லுறார் லண்டனிலயும் கன கடை இப்பிடித்தானாம், ஆனா லொஸ் ஏஞ்சலிஸில றோட்டுக்கரையில ஒரு வானில சாப்பிட்ட டாக்கோவை, சின்ன ரொட்டிக்குள்ள இறைச்சி வைச்சு மடிச்சுத் தாறதாம், இண்டைக்கும் மறக்கேலாதாம். ஒரே பேர், ஒரே சாப்பாடு, ஏன் இவ்வளவு வித்தியாசம்?

தம்பி, முதல் எங்கட குசினிக் கதையைச் சொல்லுறன். எங்கட கடைச் சமையல்காரர் மெக்சிக்கோவில புவேப்லா எண்ட ஊர் மனுசன், பின்னேரம் மூண்டு மணி போல ஆக்கள் குறையிற நேரம் வேலை செய்யிற எங்களுக்கெண்டு தனியாச் சமைப்பார், காய்ஞ்ச மிளகாயை வெறுஞ்சட்டியில வறுத்து ஊறப்போட்டு, எள்ளு, பாதாம், கராம்பு, கறுவா, கடைசியா ஒரு துண்டு இனிப்பில்லாத சொக்லேட்டும் போட்டு அரைச்சு கோழிக்கு ஊத்துவார், அதுக்குப் பேர் மோலே, நான் முதல் நாள் வாயில வைச்ச உடன கண் கலங்கிட்டன், எங்கட அம்மா வறுத்து இடிச்ச தூளின்ர வாசம் அப்பிடியே வந்தது. ஆனா அதே மனுசன், அதே அடுப்பில, மேசைக்கு அனுப்பின சாப்பாடு என்னெண்டால் நீங்கள் கொழும்பில சாப்பிட்டதுதான், மஞ்சள் சீஸும் பக்கெற் தூளும். ஏன் அண்ணை உதை வெளியில குடுக்கிறேல்லை எண்டு ஒருநாள் கேட்டன், ஆர் கேக்கினம் எண்டார். ஒருக்கா போட்டுப் பாத்தவராம், கறுப்பா இருக்கெண்டு கோப்பையோட திருப்பி அனுப்பிட்டினமாம்.

எனக்கு விளங்கின காரியம் இதுதான். சமைக்கிறவருக்குச் சமையல் தெரியாததால கடைச் சாப்பாடு பிழைச்சுப் போறது குறைவு, அந்தச் சாப்பாட்டில வளந்த வாய்கள் அந்த ஊரில இருக்கோ எண்டதுதான் கடையை நல்லாக்கும். எங்கட சாப்பாட்டையே பாருங்கோ, ரொறன்ரோ ஸ்காபரோவில எங்கட ஆக்கள் நிறைஞ்ச இடத்தில இடியப்பமும் சொதியும் ஊர்ப்பதத்தில கிடைக்கும், கொஞ்சம் பிழைச்சாலும் ஒரு கிழவி உள்ள வந்து ஏசிப்போட்டுப் போவா. அதே சாப்பாட்டை எங்கட ஆக்கள் இல்லாத ஊரில கேட்டால் தேங்காய்ப்பால் விட்ட மஞ்சள் தண்ணிதான் வரும், அங்க ஏச ஒருத்தரும் இல்லை.

இனி லொஸ் ஏஞ்சலிஸ். அந்த ஊர் இருக்கிற கலிபோர்னியா 1848 வரைக்கும் மெக்சிக்கோவின்ர நிலம், யுத்தத்தில தோத்து அமெரிக்காட்ட போனது. அதால அங்க கன பேருக்கு அது வெளிநாட்டுச் சாப்பாடு இல்லை, எல்லைக்கோடுதான் அவையின்ர தலைக்கு மேலால தாண்டினது. பிறகும் மெக்சிக்கோவில இருந்து சனம் வந்துகொண்டே இருந்தது, வஹாக்கா மாநிலத்து ஆக்கள் மட்டும் ஒரு பெரிய கூட்டம், அவைக்கு ஊர் மிளகாய் வேணும், ஊர் சீஸ் வேணும், வேலை முடிஞ்சு இரவு பதினொரு மணிக்கு நிண்டு சாப்பிட ஒரு வான் வேணும். அந்த வான்காரர் ஒருநாள் பழைய ரொட்டி குடுத்தால் அடுத்த நாள் சனம் பக்கத்து வானுக்குப் போயிடும், போட்டி அப்பிடி. நானும் ஒருக்கா பெரியம்மாவின்ர மகள் வீட்டை போன நேரம் அங்க நிண்டு சாப்பிட்டனான், உங்கட மச்சான் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லேல்லை.

லண்டனுக்கு அந்தக் கூட்டம் இல்லை, கடல் கடந்து கனதூரம், மெக்சிக்கோ ஆக்கள் கொஞ்சப்பேர்தான். ஆனா அங்கயும் மாறிக்கொண்டு வருது, 2007இல தொமசினா மையர்ஸ் எண்ட ஆங்கிலேயப் பெண் ஒராள், மெக்சிக்கோவில இருந்து சமையல் படிச்சவ, வஹாக்கா எண்ட பேரிலயே கடை திறந்து தெருச்சாப்பாட்டைக் கொண்டுவந்தவ. கொழும்பில அந்த ருசி தெரிஞ்ச ஆக்கள் இன்னும் குறைவு, சோளன் மாவும் மிளகாயும் கப்பலில வரவேணும், வந்தாலும் விலை. நீங்கள் போன கடைக்காரரிட்ட எனக்குக் கோவம் இல்லை, ஆனா கோதம்பை ரொட்டியைச் சுத்தித் தந்து அதுக்கு அவ்வளவு காசு எடுக்கிறது பிழைதான்.

இன்னுமொண்டு, மெக்சிக்கோவுக்குள்ளயே ஒரே சாப்பாடு இல்லை. வடக்கில சொனோராப் பக்கம் கோதம்பை விளையுது, அங்க கோதம்பை ரொட்டியும் மாட்டிறைச்சியும்தான் ஊர்ச்சாப்பாடு, அதால கோதம்பை ரொட்டி எண்ட உடன கள்ளம் எண்டு நினைக்காதீங்கோ. தெற்கில சோளன். யுக்கத்தானில பண்டியிறைச்சியை நாரத்தை மாதிரிப் புளிச்ச தோடம்பழச் சாறிலயும் ஒரு சிவப்பு விதையிலயும் ஊறவைச்சு வாழையிலையில சுத்தி நிலத்துக் குழிக்குள்ள வேகவைக்கினம். மெக்சிக்கோ சிற்றியில கம்பியில இறைச்சியைக் குத்தி நெருப்புக்குப் பக்கத்தில சுழட்டிச் சீவுற டாக்கோ, அது லெபனானில இருந்து வந்து குடியேறின ஆக்களின்ர கைவேலை, ஷவர்மாதான் பண்டியிறைச்சியா மாறினது. புவேப்லாக்காரருக்கு யுக்கத்தான் சாப்பாடு எங்களுக்குத் தெற்கில காலி ஊர்ச் சாப்பாடு மாதிரி, சொந்த நாடுதான் ஆனா சொந்த வாசம் இல்லை.

வவுனியாவில இருந்து ஒரு அம்மா: மகள் ரொறன்ரோவில. சம்பந்தி வீட்டாரை மெக்சிக்கன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகப் போறாளாம், விலை கூடின கடைக்குப் போகச் சொல்லட்டோ?

அம்மா, விலையைப் பாத்துப் போகச் சொல்லாதீங்கோ. மெக்சிக்கோ சிற்றியில எல் கலிஃபா தே லெயோன் எண்டு ஒரு குட்டிக் கடை, உள்ள இருக்கக் கதிரை இல்லை, ஆக்கள் நிண்டு கையில வைச்சுத்தான் சாப்பிடுகினம், 2024இல அதுக்கு மிஷலின் நட்சத்திரம், நல்ல கடையளுக்குக் குடுக்கிற உலகப் பேர் போன பட்டம், குடுத்தவை. நாலே நாலு விதமான டாக்கோ போல, இறைச்சி, உப்பு, தேசிக்காய், சுடச்சுட ரொட்டி, அவ்வளவுதான்.

மகளுக்கு இதைச் சொல்லுங்கோ: கடைக்குள்ள கால் வைச்ச உடன சோளன் சுடுற வாசம் வருதோ எண்டு பாக்கட்டும், ரொட்டியை அங்கயே தட்டுகினமோ எண்டு கேக்கட்டும். மேசையில வைக்கிற சம்பல், அவை சல்சா எண்டுவினம், அது அண்டைக்கு அரைச்சதோ போத்தலில வந்ததோ எண்டு ஒரு சொட்டு நாக்கில வைச்சாலே தெரியும், சம்பல் நல்லா இருந்தால் பயப்பிடாமல் மிச்சத்தைக் கேக்கலாம். மெனுவில நூறு சாமான் இருந்தால் திரும்பி வரட்டும். முக்கியமா ஆர் இருந்து சாப்பிடுகினம் எண்டு பாக்கட்டும், ஸ்பானிஷ் கதைச்சுக்கொண்டு ரெண்டு குடும்பமாவது பிள்ளையளோட இருந்தால் அந்தக் கடை சரியான கடை.

சம்பந்தி வீட்டார் சைவமெண்டால் ஒரு விசயம் கட்டாயம் கேக்கவேணும், மசிச்ச பீன்ஸுக்கும், அது அவரைக்கொட்டை மாதிரி ஒரு விதை, கோதம்பை ரொட்டிக்கும் கன கடையில பண்டிக்கொழுப்புப் போடுறவை, மன்தேக்கா எண்டு சொல்லுவினம். பார்வைக்கு மரக்கறிதான், கேக்காமல் சாப்பிட்டால் விளங்காது. மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் வாசகர்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறன். நாகதாளி இனத்து மடலை முள்ளுச் சீவிப்போட்டு வதக்கித் தருவினம், நோப்பாலெஸ் எண்டு பேர், அது எண்ணெயில வதக்கினதெண்டால் சைவக்காரருக்கு அருமையான சாப்பாடு.

மல்லாவியில இருந்து ஒரு தங்கச்சி: நாச்சோஸ் எல்லாம் உண்மையான மெக்சிக்கன் இல்லை எண்டு யூரியூப்பில சொல்லுகினம், உண்மையோ?

இல்லைத் தங்கச்சி, அது மெக்சிக்கோ மண்ணிலதான் பிறந்தது. 1943இல பியேத்ராஸ் நெக்ராஸ் எண்ட எல்லை ஊரில இக்னாசியோ அனாயா எண்டவர், அவரைச் செல்லமா நாச்சோ எண்டுதான் கூப்பிடுறவை, திடீரெண்டு வந்த அமெரிக்கப் பெண்களுக்குக் குடுக்க வேற ஒண்டும் இல்லாமல் பொரிச்ச ரொட்டித் துண்டில சீஸும் மிளகாயும் வைச்சுச் சூடாக்கிக் குடுத்தது. அந்த எல்லைக்கு அங்கால இருக்கிற ரெக்சாஸும் முந்தி மெக்சிக்கோதான், 1836இல பிரிஞ்சு 1845இல அமெரிக்காவோட சேந்தது, அங்க ரெண்டு பக்கத்துக்கும் நடுவில நிண்ட சனம் தங்கட கையில கிடைச்ச மாட்டிறைச்சி, சீரகம், மஞ்சள் சீஸ் எல்லாம் போட்டு ஆக்கின சாப்பாட்டுக்குத்தான் டெக்ஸ்-மெக்ஸ் எண்டு பேர். அதுவும் ஒரு ஊர்ச்சாப்பாடு, ரெக்சாஸின்ர சான் அன்ரோனியோ ஊரில நல்லா இருக்கும். ரெக்சாஸில இருந்து புறப்பட்டு அதைச் சமைச்சுப் பழகாத ஆக்களின்ர கைக்குப் போய், பக்கெற்றுக்குள்ள அடைஞ்சு எங்களிட்ட வாற நேரத்திலதான் கெட்டுப்போகுது.

முல்லைத்தீவில இருந்து ஒரு அண்ணை: கடல் இருக்கிற நாடெல்லோ, மீன் சாப்பிடமாட்டினமோ?

நல்லாச் சாப்பிடுவினம் அண்ணை. பசிபிக் பக்கம் என்செனாதா எண்ட துறைமுகத்தில மீனை மாவில தோய்ச்சுப் பொரிச்சு, கோவாவை மெல்லிசா அரிஞ்சு மேல போட்டு, தேசிக்காய் விட்டு டாக்கோவாத் தருவினம். கடலில இருந்து வந்த அண்டைக்கே பொரிக்க வேணும், கடல் இல்லாத ஊரில ஐஸ் மீனில செய்து நான் சாப்பிட்டுப் பாத்தனான், வேண்டாம். உங்கட கரையில வாற அறக்குளா அதுக்கு நல்லாப் பொருந்தும்.

கிளிநொச்சியில இருந்து ஒரு தம்பி: ஏ9 றோட்டில ஒரு மெக்சிக்கன் கடை போட்டால் ஓடுமோ அக்கா? ஹோட்டல் படிப்பு முடிச்சிருக்கிறன்.

தம்பி, இதுக்கு நான் யோசிச்சுத்தான் எழுதுறன், உங்கட காசு இது. கொழும்பில செய்யிற மாதிரி இறக்குமதி ரொட்டி, இறக்குமதி சீஸ் எண்டு தொடங்கினால் ஒரு கோப்பை விலையைக் கேட்டே சனம் எழும்பிப் போயிடும், எழும்பிப் போறது நியாயமும்தான். ஆனா யோசிச்சுப் பாருங்கோ, மிளகாய், தக்காளி, சோளன், பப்பாசி, கொய்யா எல்லாம் அந்தப் பக்கத்து அமெரிக்கக் கண்டத்தில இருந்துதான் இஞ்ச வந்தது, வன்னியில இதில விளையாத சாமான் எது? தேசிக்காய், கொத்தமல்லி இலை, பட்டர்புரூட் சந்தையில இருக்கு. கறுவா எங்கட நாட்டில இருந்துதான் மெக்சிக்கோவுக்குப் போகுது, எங்கட கறுவாவைக் கூடுதலா வாங்குற நாடே அதுதான், எங்கட புவேப்லாச் சமையல்காரர் டப்பாவைத் திறந்து மணந்துபோட்டு உங்கட நாடு எண்டு என்னட்டக் காட்டின நாள் எனக்கு இண்டைக்கும் நினைவிருக்கு. அதால சாமான் குறையில்லை, குறைவு ரொட்டிதான். சோளன் ரொட்டியை நீங்களே தட்டப் பழகி, கோழியும் மீனும் ரெண்டே ரெண்டு வகை வைச்சு, பின்னேரத்தில மட்டும் ஒரு சின்னத் தள்ளுவண்டியில தொடங்குங்கோ. ஆறு மாசம் ஓடினால் பிறகு கடை வாடகையைப் பற்றிக் கதைப்பம். கடன் எடுக்காதீங்கோ.

ஒட்டுசுட்டானில இருந்து ஒரு ஐயா: மூண்டு ஏக்கர் சோளன் செய்யிறன் பிள்ளை, கோழித்தீன்காரருக்குத்தான் குடுக்கிறன். மெக்சிக்கோக்காரர் அதில ரொட்டி சுடுகினமெண்டால் எங்கட வீட்டிலயும் சுடலாமோ? மனுசி மாவாக்கித் தட்டிப் பாத்தவ, உடைஞ்சு போச்சு.

ஐயா, உங்கட கேள்விதான் எனக்கு இந்த முறை பெரிய சந்தோசம். உடைஞ்சதுக்குக் காரணம் சுண்ணாம்பு. சோளனை அப்பிடியே அரைச்சால் மா ஒட்டாது, சுண்ணாம்புத் தண்ணியில அவிச்சால்தான் தோல் கழண்டு மா பிடிபடும், மூவாயிரம் வருசத்துக்கு மேலா அவை அப்பிடித்தான் செய்யினம், நிஷ்தமால் எண்டு பேர். சத்தும் அதிலதான் இருக்கு, சோளனுக்குள்ள அடைஞ்சு கிடக்கிற பி3 விற்றமினைச் சுண்ணாம்புதான் அவிழ்த்து விடுது. ஐரோப்பாக்காரர் சோளனை மட்டும் கொண்டுபோய்ச் சுண்ணாம்பை விட்டிட்டுப் போனவை, அதையே மூண்டு நேரமும் சாப்பிட்ட ஏழைச் சனத்துக்குத் தோல் வெடிச்சு, வயித்தால போய், புத்தியும் தடுமாறுற பெலாக்ரா எண்ட வருத்தம் வந்தது. ருசியும் அப்பிடியே, நல்ல கடையில நான் சொன்ன அந்தச் சோளன் வாசம் இதில இருந்துதான் வருது, மற்றக் கடையள் பக்கெற் மா குழைக்கினம், இடியப்பத்துக்கு வறுத்த மாவுக்கும் கடை மாவுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

நல்லா முத்திக் காய்ஞ்ச சோளன் எடுங்கோ, விதைக்கெண்டு மருந்து பிரட்டினதோ பூஞ்சணம் பிடிச்சதோ எண்டால் தொடவே வேண்டாம். ஒரு கிலோ சோளனுக்கு மூண்டு லீற்றர் தண்ணி, ஏறக்குறைய 10 கிராம் சுண்ணாம்பு, வெத்திலைக்குப் போடுற வெள்ளைச் சுண்ணாம்பு, சுவருக்கு அடிக்கிறதை எடுக்காதீங்கோ. அலுமினியச் சட்டி வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிக்கும், எவர்சில்வரோ மண்சட்டியோ நல்லம். முக்கால் மணித்தியாலம் போல மெல்லிய நெருப்பில அவிச்சு, இறக்கி மூடி விடியும் வரை ஊறவிடுங்கோ. விடியத் தோலைக் கையால கசக்கி மூண்டு நாலு தண்ணியில கழுவி அம்மியில அரையுங்கோ, அவையும் அம்மி மாதிரி ஒரு கல்லிலதான் அரைக்கிறவை, கிறைண்டரெண்டால் தண்ணி கூடாமல் பாத்துக்கொள்ளுங்கோ. தேசிக்காய் அளவு உருட்டி ரெண்டு பொலித்தீன் தாளுக்கு நடுவில வைச்சு ஒரு தட்டால அமத்தித் தோசைக்கல்லில எண்ணெய் இல்லாமல் சுடுங்கோ, நல்ல பதமெண்டால் கடைசிப் பிரட்டுக்கு ரொட்டி பொங்கி வரும். கரை வெடிச்சால் தண்ணி காணாது, அம்மாவை மாவுக்குக் கொஞ்சம் தண்ணி தெளிச்சுத் திருப்பிப் பிசையச் சொல்லுங்கோ.