பெட்டியோடு வந்த கடிதங்கள்: வாசகர் கேள்வி – பதில்

பழைய கடிதம், டைரி, வெட்டி ஒட்டிய நோட்டு ஆகியவற்றைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஆவணக் காப்பகப் பணியில் இருப்பவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர். ரங்கூனிலிருந்து வந்த கடிதங்கள் டிரங்குப் பெட்டியில் சணல் கட்டுகளாகக் கிடக்கின்றன. வருட வாரியாக அடுக்கி ஃபைலில் போட்டுவிடலாமா? (காரைக்குடி)

வேண்டாம், அவசரப்படாதீர்கள். கட்டுக் கட்டி வைத்தவருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும். ஒரு கட்டு முழுக்க ஒரு சம்பந்தம் பேசியதாக இருக்கலாம், இன்னொன்று ஒரே வழக்கைப் பற்றியதாக இருக்கலாம். தேதி வாரியாகக் கலைத்துவிட்டால் அந்தக் கணக்கை யாராலும் மீட்க முடியாது. தேதி வரிசை வேண்டுமென்றால் அதை நோட்டிலோ எக்செல்லிலோ பட்டியலாகப் போட்டுக்கொள்ளுங்கள். தாள்கள் இருந்த வரிசையிலேயே இருக்கட்டும்.

பெட்டியைத் திறந்ததும் எதையும் எடுக்காமல் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு கட்டையும் எடுக்கும்போது எண் எழுதிய துண்டுச்சீட்டைச் சொருகுங்கள். இறுகிய சணலை அவிழ்க்க முயன்றால் விளிம்பு கிழியும், கத்தரியால் வெட்டுவதே மேல். பதிலுக்கு அகலமான வெள்ளைப் பருத்தி நாடாவைத் தளர்வாகக் கட்டுங்கள். ரப்பர் பேண்டு நம் வெயிலில் உருகித் தாளில் ஒட்டிக்கொள்ளும். கட்டுக்குள் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று 2பி பென்சிலால், பின்பக்க ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பேனாவும் ஸ்டிக்கரும் கூடாது. உறைக்கும் அதற்குள் இருந்த கடிதத்துக்கும் ஒரே எண் போடுங்கள். உறையைத் தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அனுப்பிய ஊர், போய்ச் சேர்ந்த நாள், இரண்டாம் உலகப் போர்க் காலமானால் சென்சார் முத்திரை, எல்லாம் உறையில்தான் இருக்கும்.

துருப்பிடித்த குண்டூசியை இழுத்து எடுக்காதீர்கள். ஊசிக்கும் தாளுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிட்டு, அதன் மேல் வைத்து ஊசியை மெதுவாக நகர்த்துங்கள். மடிப்பைப் பிரிக்கும்போது மொறுமொறுவென்று சத்தம் கேட்டால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். தாளில் ஈரப்பதம் வற்றிவிட்டது, மேலே விரித்தால் மடிப்பிலேயே இரண்டாகும். கையுறை தேவையில்லை, துணிக்கையுறை விரலின் உணர்வை மழுக்கிக் கிழிசலைத்தான் கூட்டும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திய கை போதும். புகைப்படங்களுக்கு மட்டும் கையுறை போடுங்கள்.

கேள்வி: பல கடிதங்களில் தேதியே இல்லை. சிலவற்றில் தமிழ் வருஷம் மட்டும் இருக்கிறது. காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? (திருநெல்வேலி)

தமிழ் வருஷம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அறுபதாண்டுச் சுற்றில் அந்தப் பெயர் எப்போதெல்லாம் வந்தது என்று பாருங்கள். ‘விஜய வருஷம் ஆனி 12’ என்றால் 1893, 1953, 2013 இந்த மூன்றில் ஒன்று. தாளையும் மையையும் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். 1953 என்று வைத்துக்கொண்டால் ஜூன் 26-ஐ ஒட்டி வரும். கிழமையும் எழுதியிருந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு சரிபார்த்துவிடலாம்.

வருஷமே இல்லையென்றால் தபால் துறை கைகொடுக்கும். இந்தியாவில் இன்லண்டு லெட்டர் 1950 அக்டோபர் 2-இல் வந்தது. அதற்கு முன் இருக்க முடியாது. அணாவில் விலையிட்ட ஸ்டாம்பு பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. ‘நயா பைசா’ என்று அச்சிட்டிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில் வெளியானது. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது, இல்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பின்கோடு எழுதாதவர்கள் இன்றும் உண்டு. ‘சிலோன்’, ‘மதராஸ் ஸ்டேட்’ போன்றவையும் அப்படித்தான். நாடும் மாநிலமும் பெயர் மாறிய பிறகும் பழக்கத்தில் பழைய பெயரையே எழுதியவர்கள் ஏராளம்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்தை வைத்துக் கையெழுத்துக்குக் காலம் கணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சரிவராது. அச்சில் மாறிய ‘லை’, ‘னை’ பல பேருடைய கையில் மாறவேயில்லை. தும்பிக்கை ஐகாரத்தைக் கடைசிவரை எழுதினார்கள். அச்சிட்ட அழைப்பிதழுக்கு மட்டும் அந்தச் சோதனை ஓரளவு உதவும்.

கண்டுபிடித்த தேதியைச் சதுர அடைப்புக்குறிக்குள் பட்டியலில் எழுதுங்கள், எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் குறியுங்கள். கடிதத்தின் மேல் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: கிழிந்த கடிதங்களை செல்லோடேப் போட்டு ஒட்டி, லேமினேஷன் செய்தால் நிரந்தரமாக இருக்குமா? (ஈரோடு)

கெடுதல்தான் நிரந்தரமாக இருக்கும். செல்லோடேப்பின் பசை சில ஆண்டுகளில் இளகித் தாளின் இழைக்குள் இறங்கும். அந்த இடம் எண்ணெய் பட்டதுபோல் ஆகும், பிறகு பழுப்பாகும். கடைசியில் மேலே உள்ள பிளாஸ்டிக் தானாக உதிர்ந்துவிடும், கறை போகாது. லேமினேஷனில் சூடும் பசையும் சேர்ந்து தாளைப் பிளாஸ்டிக்கோடு ஒன்றாக்கிவிடும். பின்னால் பிரிக்க வழியில்லை. தாளுக்குள் இருக்கும் அமிலமும் உள்ளேயே அடைபட்டுத் தன் வேலையைத் தொடரும்.

காப்பகங்களில் கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளைக் கையால் பிய்த்து, கோதுமை மாவிலிருந்து பிரித்த ஸ்டார்ச்சுப் பசையால் ஒட்டுவார்கள். தண்ணீர் தொட்டால் பிரிந்துவிடும் என்பதுதான் அதன் சிறப்பு. வீட்டு மைதாப் பசை அதற்கு ஈடாகாது. பூச்சி வராமலிருக்கப் பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது வழக்கம்; அதிலுள்ள தாமிரமே நாளடைவில் தாளை நொறுங்க வைக்கும். உங்களால் செய்யக்கூடியது ஒன்றுதான்: கிழிந்த துண்டுகளைச் சேர்த்து, பாலியெஸ்டர் உறையில் ஒட்டாமல் வைத்துவிடுங்கள். கடையில் ‘பிளாஸ்டிக் ஃபோல்டர்’ என்று கேட்டால் பிவிசி கொடுப்பார்கள். அதை வாங்காதீர்கள், எழுத்து அதில் ஒட்டிக்கொண்டு வரும்.

கேள்வி: மங்கிய எழுத்தின் மேல் பேனாவால் எழுதலாமா? (சேலம்)

கூடாது. நல்ல வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால் பெரும்பாலும் படித்துவிடலாம்.

கேள்வி: ராமபாணம் துளைபோட்டிருக்கிறது. பாச்சை உருண்டை போதுமா? (தஞ்சாவூர்)

முதலில் பூச்சி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டை வெள்ளைத் தாள் மேல் ஒரு வாரம் வையுங்கள். புதிதாகப் பொடி உதிர்ந்திருந்தால் உயிரோடு இருக்கிறது. உதிராவிட்டால் அது பழைய ஓட்டை, மருந்தே தேவையில்லை. பாச்சை உருண்டை பூச்சியை விரட்டுமே தவிர முட்டையை அழிக்காது. அதன் நெடி வீட்டில் உள்ளவர்களுக்கும் நல்லதல்ல. வசம்பைத் துணியில் முடிந்து வைப்பதில் தவறில்லை, அதுவும் விரட்டத்தான். பச்சை வேப்பிலை வேண்டாம். பூச்சிக்குப் பதில் ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்.

கொல்வதற்குக் குளிர்தான் நம்பகமான வழி. சிறு கட்டாகப் பிரித்து, ஜிப் உள்ள பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். அதை இன்னொரு பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரி வரை போகும் டீப் ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். பெரிய கட்டாக வைத்தால் நடுப்பகுதி குளிர நேரமாகும், புழு தாக்குப்பிடித்துவிடும். எடுத்த பிறகு 24 மணி நேரம் பையைத் திறக்கவே கூடாது. முன்னதாகத் திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் துளித்துளியாகப் படிந்து, ஃபவுண்டன் பேனா மையைக் கரைத்துவிடும். கண்ணாடி நெகட்டிவ்களை ஃபிரீசரில் வைக்காதீர்கள். திரும்பி வந்த கட்டு பழைய மர அலமாரிக்கே போனால் ஆறு மாதத்தில் அதே கதைதான். ஸ்டீல் பீரோவில், வெளிச்சுவரை ஒட்டாமல், கீழ்த்தட்டைத் தவிர்த்து வையுங்கள்.

கேள்வி: வெள்ளத்தில் நனைந்த கடிதங்களை வெயிலில் காயவைக்கலாமா? (சென்னை)

வெயிலில் தாள் சுருண்டு மை வெளிறும். நிழலில் மின்விசிறியைத் தாள் மேல் நேராகப் படாமல் ஓடவிட்டு, வெள்ளைத் துணி மேல் பரப்புங்கள். 48 மணி நேரம் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அதற்குள் முடியாத அளவு இருந்தால் மிச்சத்தை அப்படியே பையில் போட்டு உறைய வைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்துங்கள். ஒட்டியிருக்கும் தாள்களை ஈரத்தில் பிரிக்க வேண்டாம்.

கேள்வி: பெரியம்மா 1960-களில் வார இதழ்களிலிருந்து கோலம், சமையல் குறிப்பு, சினிமா விளம்பரம் எல்லாம் வெட்டிக் கணக்கு நோட்டில் ஒட்டியிருக்கிறார். தாள் உதிர்கிறது. பிரித்துப் புது ஆல்பத்தில் ஒட்டலாமா? (மதுரை)

நோட்டைப் பிரித்தால் அது வெறும் பழைய பேப்பர் துண்டுகள். எதன் பக்கத்தில் எதை ஒட்டினார், ஓரத்தில் என்ன கிறுக்கினார் என்பதுதான் அந்த நோட்டின் மதிப்பு. ரசப்பொடிக் குறிப்பில் ‘மிளகு கூட’ என்று பென்சிலில் திருத்தியிருந்தால், அந்த இரண்டு சொல்லுக்காகவே ஆய்வாளர்கள் அந்த நோட்டைத் தேடி வருவார்கள்.

செய்தித்தாள் மரக்கூழிலிருந்து செய்வது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டுப் பழுத்து அமிலமாகி, எதிர்ப்பக்கத்திலும் கறை போடும். அமிலமற்ற மெல்லிய தாளை இடையில் வைக்கலாம். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் வைத்தால் நோட்டு உப்பித் தையல் விட்டுவிடும். கறை மோசமாக உள்ள இடங்களில் மட்டும் வையுங்கள். நோட்டைப் படுக்கவைத்தே பெட்டியில் வையுங்கள்.

அடுத்து, முழு நோட்டையும் படம் எடுங்கள். ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு முறியும். நோட்டை மேசையில் வைத்து, இரு பக்கமும் தலையணை கொடுத்து, கேமராவையோ கைப்பேசியையோ ஸ்டாண்டில் நேர் மேலே பொருத்துங்கள். ஃபிளாஷ் வேண்டாம். ஓரத்தில் ஒரு ஸ்கேல் தெரியட்டும். ‘டாக்குமென்ட் ஸ்கேன்’ செயலிகள் தாளை வெளுப்பாக்கிப் பென்சில் குறிப்பையே அழித்துவிடும், சாதாரண கேமராவில் எடுங்கள். அட்டை, காலிப் பக்கம், பாதி ஒட்டு விட்ட துண்டின் பின்பக்கம் எதையும் விடாதீர்கள். பின்பக்கத்துச் செய்தியில்தான் பல சமயம் தேதி கிடைக்கும்.

கேள்வி: அம்மாவின் டைரிகளில் பால் கணக்கு, சலவைக் கணக்கு, ‘இன்று மழை’ தவிர எதுவும் இல்லை. இதை எந்தக் காப்பகம் வாங்கும்? (கோயம்புத்தூர்)

ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் அரசியலோடு சரக்கு வரவும் ஊர்ப் பேச்சும் சேர்ந்தே இருக்கின்றன. வரலாற்றாசிரியர்கள் அதைத்தான் விரும்பிப் படிக்கிறார்கள். இத்தாலியில் பியேவே சாந்தோ ஸ்தேபனோ என்ற சிற்றூரில் 1984 முதல் சாதாரண மக்களின் நாட்குறிப்புகளுக்கென்றே ஒரு காப்பகம் நடக்கிறது. கிளேலியா மார்க்கி என்ற விவசாயப் பெண் தன் வாழ்க்கையைக் கட்டில் விரிப்பில் எழுதிக் கொண்டுவந்தார், அதையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். லண்டனில் பிஷப்ஸ்கேட் இன்ஸ்டிடியூட்டிலும் இப்படியொரு டைரித் தொகுப்பு உண்டு. இருபது ஆண்டு பால் கணக்கு தொடர்ச்சியாக இருந்தால் அது விலைவாசிச் சரித்திரம். அதனால் நடுவில் உள்ள ‘சுவாரசியமில்லாத’ வருடங்களைக் கழித்துவிடாதீர்கள்.

கம்பெனி கொடுத்த டைரியை மறு வருஷம் பயன்படுத்துவது நம் வீடுகளில் சகஜம். அச்சிட்ட தேதியை நம்பாமல் கிழமை பொருந்துகிறதா, பண்டிகை பொருந்துகிறதா என்று பாருங்கள். பின்னட்டைப் பையில் இருக்கும் பஸ் டிக்கெட், ரசீது எல்லாம் அங்கேயே இருக்கட்டும்.

கேள்வி: யாரிடம் கொடுப்பது? கொடுத்தால் உரிமை போய்விடுமா? (புதுச்சேரி)

கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைக் கொண்டு 1994-இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. தமிழறிஞர் தொடர்பான கடிதங்கள் என்றால் பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்தைக் கேட்கலாம், ஐயருக்கு வந்த கடிதங்கள் அங்கேதான் உள்ளன. இலங்கைத் தமிழர் ஆவணங்களுக்கு நூலகம் நிறுவனம் மின்வடிவில் இடம் தருகிறது. தேசிய அளவில் தெரிந்தவர்களின் தாள்களை டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் தனியார் ஆவணங்களாக வைத்திருக்கிறது. மூட்டையோடு போய் நிற்காதீர்கள். எத்தனை கட்டு, எந்த ஆண்டுகள், யார் யாருக்கு எழுதியது என்று ஒரு பக்கக் குறிப்பும் நான்கைந்து படமும் முதலில் அனுப்புங்கள்.

கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பின் வாரிசுகளுக்கும்தான். ஆகவே உங்கள் தாத்தாவுக்கு வந்த கடிதங்களின் பதிப்புரிமை உங்களிடம் இல்லை, அதை எழுதிக்கொடுக்கவும் முடியாது. பொதுமக்கள் பார்க்கக்கூடிய நூலகத்தில் உள்ள, அச்சேறாத எழுத்தை ஆய்வுக்காகப் பிரதி எடுக்க இந்தியச் சட்டம் விலக்குத் தருகிறது. எழுதியவர் இன்னார் என்று தெரிந்திருந்தால், அவர் இறந்து 60 ஆண்டு ஆன பிறகே அது பொருந்தும்.

நன்கொடைப் பத்திரத்தில் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: இணையத்தில் போடுவார்களா, வேண்டாதவற்றைத் திருப்பித் தருவார்களா, குறிப்பிட்ட கட்டுகளை எத்தனை ஆண்டு மூடிவைப்பார்கள். குடும்பச் சண்டையும் நோயும் பேசும் கடிதங்களை எரிப்பதைவிட, ‘2050 வரை திறக்கக் கூடாது’ என்று சீல் வைத்துக் கொடுக்கலாம். அப்படி நிபந்தனையோடு வாங்குவது காப்பகங்களுக்குப் பழகிய விஷயம்தான்.