சுண்டெலி தலையைச் சிலுப்பியதா, காதைச் சொறிந்ததா?

கேள்வி: செரோடோனின் ஏற்பிகளில் வேலை செய்யும் மருந்துகள் எலியின் மூளையையும் நடத்தையையும் எப்படி மாற்றுகின்றன?

எம்.ஃபார்ம் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் போலிருக்கிறது. இல்லையென்றாலும் பரவாயில்லை, இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா போக முடியாது.

'செரோடோனின் கூடினால் சந்தோஷம்' என்ற கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். நரம்பணுக்களுக்கு இடையே சேதி கடத்தும் செரோடோனின் ஒன்றுதான், அது வந்து ஒட்டி வேலை செய்யும் ஏற்பிகள் (ரிசெப்டர்) 14 வகை. 5-எச்டி என்பது செரோடோனினின் இன்னொரு பெயர், பின்னால் வரும் 1ஏ, 2ஏ எல்லாம் ஏற்பியின் வகை. எந்த ஏற்பி, மூளையில் எந்த இடம், எவ்வளவு டோஸ் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். 5-எச்டி1ஏ ஏற்பியைத் தூண்டும் 8-ஓஎச்-டிபிஏடி மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்த டோஸில் அது, மூளைத்தண்டில் செரோடோனினைச் சுரக்கும் ராஃபே நரம்பணுக்களில் பிரேக் மாதிரி இருக்கும் ஏற்பிகளைத் தூண்டும். செரோடோனின் சுரப்பு குறையும், வயிறு முட்டத் தின்ற எலி மறுபடியும் தின்னும். டோஸ் ஏறினால் அதே எலி தரையோடு தரையாகப் படுத்து, முன்னங்கால்களால் மிதித்துக்கொண்டே கிடக்கும்.

5-எச்டி2ஏ வேறு ரகம். அதைத் தூண்டினால் சுண்டெலி சட்டென்று தலையைச் சிலுப்பும். பெரிய எலி, நனைந்த நாய் மாதிரி உடம்பையே உதறும்.

நான் மாட்டிக்கொண்டது இந்தச் சிலுப்பலில்தான். சுண்டெலிகளுக்கு 5-எச்டிபி ஊசி போட்டேன், உடம்புக்குள் போய்ச் செரோடோனினாக மாறும் பொருள் அது. ஒரு குழுவுக்கு முன்கூட்டியே சைப்ரோஹெப்டடின். ஆமாம், பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறது என்று மெடிக்கலில் வாங்கும் பசி சிரப்பில் இருக்கிறதே, அதேதான். 5-எச்டி2ஏ உள்ளிட்ட 5-எச்டி2 ஏற்பிகளை அடைப்பதால் சிலுப்பல் குறையும்.

குறைந்தது. பிரமாதமாகக் குறைந்தது. எந்தக் கூண்டுக்கு எந்த மருந்து என்று தெரிந்துகொண்டே எண்ணியது நான்தானே! கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும் அசைவு அது. சாதாரணக் குழுவில் காதைச் சொறிந்ததைக்கூடச் சிலுப்பல் கணக்கில் சேர்த்திருக்கிறேன், மருந்துக் குழுவில் நிஜச் சிலுப்பலையே சந்தேகப்பட்டு விட்டிருக்கிறேன். அப்புறம் தோழி ஒருத்தி வீடியோக்களின் பெயரை மாற்றிக் கலைத்துக் கொடுத்தாள். மெதுவாக ஓடவிட்டு எண்ணினேன். வித்தியாசம் இருந்தது, ஆனால் முதலில் வந்ததில் பாதிகூட இல்லை. கைடுக்கு முதல் கிராஃப்தான் பிடித்திருந்தது. நான் இரண்டாவதைத்தான் வைத்தேன், அதற்கு அவர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வாயில்லா ஜீவன் என்று கமெண்டில் சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு: நெறிமுறைக் குழு அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றைக்கூடத் தொடவில்லை. வீடியோவை வைத்தே திரும்ப எண்ணியதும் அதனால்தான். 'எலி வேறு, மனுஷன் வேறு' என்பவர்களோடு எனக்குத் தகராறே இல்லை. மனுஷனுக்கு 5-எச்டி2ஏவைத் தூண்டினால் மாயக்காட்சி வரலாம் என்பதற்காக, சிலுப்புகிற எலிக்கும் அது தெரிகிறது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஏற்பி தூண்டப்பட்டதா என்பதற்குச் சிலுப்பல் ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

இத்தனை பாடுபட்டுப் படித்து முடித்து வேலை தேடினால், ஒரு மெடிக்கல்காரர் என் சான்றிதழை மட்டும் வாடகைக்குக் கேட்டார். "நீங்க கடைக்கே வர வேண்டாம்மா, சுவர்ல மாட்டினா போதும்." பேசிக்கொண்டே, சீட்டு எதுவும் கேட்காமல், ஓர் அம்மாவிடம் சைப்ரோஹெப்டடின் சிரப்பை எடுத்து நீட்டினார்.